காசு அச்சிலே கெட்டதா, ஆள் கையிலே கெட்டதா

போன தை மாதம், மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், கோட்டையூரிலிருந்து ஆச்சி ஒருவர் பட்டறைக்கு வந்தார். கையில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் முக்கால்வாசி காசு. கூடவே பேரன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையாம். அவன் தனக்கென்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை வைத்திருந்தான். உள்ளே ஒரே ஒரு பத்து ரூபாய்க் காசு.

"பத்தரே, இதுல வெள்ளி எது, வெறுங்காசு எதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க. இவன் வேற என்னமோ கோடீஸ்வரன் ஆயிட்டேன்ங்கிறான். அதையும் பாத்துருங்க" என்றார் ஆச்சி.

காரைக்குடியில் எங்களுக்கு மூன்று தலைமுறை நகைப் பட்டறை. தாத்தா காலத்தில் ஒரு கழுத்துரு, அதாவது செட்டிநாட்டுக் கல்யாணத் தாலி, செய்யக் கொடுத்தால் மாதக்கணக்கில் வேலை ஓடும். இப்போது அதெல்லாம் குளிர்சாதனக் கடைகளுக்குப் போய்விட்டது. எனக்கு வருவது கொக்கி ஒடிந்த சங்கிலி, திருகு தொலைந்த தோடு, குழந்தைக் கொலுசு. ஆனால் என்னிடம் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி இருக்கிறது. ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு இருக்கிறது. அது போதும் என்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். 'இந்தக் காசு உங்களிடம் இருந்தால் பத்து லட்சம்' என்று யூடியூபில் யாராவது கத்தினால், மறுநாள் காலை என் பட்டறைத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

வைஷ்ணோ தேவி உருவம் போட்ட 2012ஆம் வருடத்துக் காசை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்களை எண்ணி முடியாது. அரசே வெளியிட்ட நினைவு நாணயம் அது, பிழையும் இல்லை ஒன்றும் இல்லை. ஒரு கொத்தனார், காசை விற்றுத் தருகிறேன் என்ற முகம் தெரியாத ஆளுக்குப் 'பதிவுக் கட்டணம்' என்று 2,000 ரூபாய் அனுப்பிவிட்டு வந்து என்னிடம் காட்டினார். பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலையில் தனக்குப் பங்கில்லை, தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்டால் நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. கொத்தனாருக்கு அது எங்கே தெரியும்.

செட்டிநாட்டில் இந்தப் பித்து கொஞ்சம் கூடவே இருப்பதற்குக் காரணம் உண்டு. பர்மா, சிலோன், மலேயா என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன வீடுகள். எந்தப் பெட்டகத்தைத் திறந்தாலும் அடியில் நாலு நாட்டுக் காசு கிடக்கும். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிண்ணம் கிண்ணமாக வைத்திருக்கிறார்கள். பழைய காசு இருக்கிற ஊரில் பழைய காசு பற்றிய கதையும் இருக்கத்தானே செய்யும்.

சரி, பேரனுடைய பத்து ரூபாய்க்கு வருகிறேன்.

வெளி வட்டம் மஞ்சள், உள் வட்டம் வெள்ளை, நாம் எல்லோரும் பார்த்த காசுதான். ஆனால் சிங்கம் இருக்க வேண்டிய நடுவில் பத்தும் ரூபாய்ச் சின்னமும் இருந்தன. திருப்பினால், கதிர் கதிராகக் கோடு போட்ட பக்கத்தில் சிங்கம். அதாவது நடுவில் இருக்கிற வெள்ளை வில்லை தலைகீழாகப் புரண்டு உட்கார்ந்திருக்கிறது. "அண்ணே, இது உலகத்துலயே ரெண்டோ மூணோதான் இருக்காம். இணையத்துல 3,500 ரூபாய்க்கு வாங்குனேன். வித்தவருக்கு இதோட மதிப்பு தெரியலை" என்றான்.

விற்றவருக்கு மதிப்பு நன்றாகவே தெரியும் என்று எனக்குப் பட்டது. வாயைத் திறக்கவில்லை.

அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நம் நாட்டில் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா என்று நாலு ஊரில் அரசு நாணயச்சாலை இருக்கிறது. அங்கே நடப்பது எங்கள் பட்டறை வேலைதான், ராட்சத அளவில். தகட்டை உருட்டி, வட்ட வட்டமாக வெட்டுகிறார்கள். எழுத்தில்லாத அந்த வட்டத்தை வில்லை என்று வைத்துக்கொள்வோம். வில்லையின் ஓரத்தை நெருக்கி வயல் வரப்பு மாதிரி ஒரு விளிம்பு எழுப்புகிறார்கள். சூளையில் காய்ச்சி இளக்குகிறார்கள், திராவகத்தில் அலசுகிறார்கள். கடைசியில் அச்சு எந்திரம். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, உலோகம் பக்கவாட்டில் வழிந்துவிடாமல் சுற்றிப் பிடிக்க, காலர் என்ற எஃகு வளையம். ஒரே அடி. முகமும் முதுகும் அந்த ஓர் அடியில் விழுந்துவிடும். நானும் அப்பாவும் லட்சுமி உருவை அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்த காலத்தில் ஒரு உருவுக்கு ஐந்தாறு அடி வேண்டும். அங்கே கண் இமைப்பதற்குள் காசு விழுந்துவிடும்.

இதில் தப்பு நடக்க மூன்று இடம்தான். வில்லை சரியில்லாமல் போகலாம், அச்சு சரியில்லாமல் போகலாம், அடி சரியில்லாமல் போகலாம். இந்த மூன்றிலும் சேராதது எதுவானாலும் காசு பிறந்த பிறகு அதற்கு நேர்ந்தது. யாராவது காசை நீட்டினால் நான் முதலில் யோசிப்பது இவ்வளவுதான்: எந்த நேரத்தில் இப்படி ஆகியிருக்க முடியும்? காசு பார்க்க விசித்திரமாக இருப்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. லாரி ஏறினாலும் காசு விசித்திரமாகத்தான் ஆகும்.

பத்து ரூபாயில், மஞ்சள் வளையமும் வெள்ளை வில்லையும் தனித்தனியாக, மொட்டையாக, எழுத்தே இல்லாமல்தான் எந்திரத்துக்குள் போகின்றன. அடி விழும்போதுதான் இரண்டும் ஒன்றோடொன்று இறுகுகின்றன, அதே அடியில்தான் சிங்கமும் பத்தும் விழுகின்றன. அப்படியிருக்க, சிங்கம் விழுந்த வில்லை எப்படிப் புரளும்? அடிக்கு முன்னால் புரண்டால் வித்தியாசமே தெரியாது, இரண்டு பக்கமும் மொட்டைதானே. அடிக்குப் பிறகு புரண்டிருந்தால் அது யாரோ தட்டிக் கழற்றித் திருப்பிப் போட்டது. மூன்றாவது வழி கிடையாது. உள் வில்லை ஒருபக்கம் நகர்ந்து, அந்த நிலையிலேயே அதன்மேல் எழுத்து விழுந்த காசு உண்மையாக உண்டு. நடு வில்லையே இல்லாமல் வளையம் மட்டும் அடி வாங்கி வந்ததும் உண்டு. புரண்ட சிங்கம் மட்டும் கிடையாது.

கண்ணாடியில் பார்த்தேன். இணைப்பைச் சுற்றி நுணுக்கமாகக் கீறல், ஓரிடத்தில் உலர்ந்த பசையின் மினுக்கம். பையனிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அப்ப 3,500 ரூபாய்?"

"நான் 1,800 கொடுத்தேன், தம்பி. நீ கொஞ்சம் கூடக் கொடுத்திருக்கே" என்றேன்.

அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பத்து வருடம் முன்னால், வெளியூரில் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனேன். அங்கே ஒரு மேசையில் 'லாக்கி' காசு வைத்திருந்தார்கள். நான் 'லக்கி' என்று காதில் வாங்கி, அதிர்ஷ்டக் காசு போலிருக்கிறது என்று நினைத்தேன். விஷயம் வேறு. அடி வாங்கிய காசு சில நேரம் கீழே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை வந்து நிற்கும். இப்போது மேலிருந்து இறங்குவது அச்சு இல்லை, ஒட்டிய காசு. அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். மேடாக இருக்கிற காசே அச்சாகிவிட்டால்? புதுக் காசில் எழுத்தெல்லாம் பள்ளமாக, முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி விழும். இதைத்தான் நம் நாட்டு நாணயக்காரர்கள் லாக்கி என்கிறார்கள்.

நான் வாங்கியது பதினொரு மூலை இரண்டு ரூபாய், தேசப்படம் போட்டது. ஒரு பக்கம் சிங்கம் சரியாக இருந்தது. மறுபக்கம் தேசப்படம் பள்ளமாக, இடவலம் மாறி. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மேல் அச்சில் ஒட்டிய காசின் எந்தப் பக்கம் வெளியே தெரியும்? அச்சைத் தொடாத பக்கம். சிங்க அச்சில் ஒட்டியிருந்தால் வெளியே தேசப்படம். கீழே இருப்பதும் தேசப்பட அச்சு. ஆகவே லாக்கியில் வழக்கமாக இரண்டு பக்கமும் ஒரே உருவம்தான் இருக்கும், ஒரு பக்கம் மேடாக, ஒரு பக்கம் பள்ளமாக. சிங்கம் ஒரு பக்கம், பள்ளத் தேசப்படம் ஒரு பக்கம் என்றால் அடித்த காசு புரண்டு விழுந்து அடுத்த வில்லைக்கு அடியில் மாட்டியிருக்க வேண்டும். நடக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வாங்குகிறவன் அங்கே ஒரு நிமிடம் நின்றிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. பட்டறைக்கு வந்து தராசில் போட்டேன். அந்த வகை இரண்டு ரூபாய் 6 கிராம். என்னுடையது 5.3 கிராம்கூடத் தேறவில்லை. தேசப்படப் பக்கத்தை அரத்தால் ராவி மொட்டையாக்கி, அதன்மேல் இன்னொரு காசை வைத்து நெருக்கியிருக்கிறார்கள். புதுக் காசில் ஒன்றிரண்டு குன்றிமணி எடை கூடக் குறைய இருக்கலாம். முக்கால் கிராம் எங்கே போகும்?

தினமும் தராசோடு வாழ்கிறவன், தராசில் போடாமல் 1,800 ரூபாய் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் இன்றுவரை அந்தத் தொகையைச் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரியட்டும்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இதை எப்படிச் செய்திருப்பான் என்று நானே செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. செல்லுகிற காசைச் சிதைப்பது குற்றம், 2011 நாணயச் சட்டத்தில் அதற்குத் தண்டனையே இருக்கிறது. ஆனால் 25 காசும் அதற்குக் கீழே உள்ளதும் அதே 2011 ஜூன் 30உடன் செல்லாக் காசாகிவிட்டன. வீட்டில் பழைய அலுமினியப் பத்துக் காசு, அந்த வளைவு வளைவான ஓரம் வைத்தது, ஒரு டப்பா இருந்தது. அலுமினியம் மெத்து. அதன்மேல் ஒரு நாலணாவை, அதாவது 25 காசை வைத்துப் பிடிச்சிராவியில், அதாவது வைஸில், கொடுத்து, கைப்பிடிக்கு ஒரு குழாயைச் சொருகி முடிந்த மட்டும் முறுக்கினேன்.

பதிந்தது. அழகாகவே பதிந்தது. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் மூன்று விஷயம் காட்டிக் கொடுத்தது. முதலாவது, பத்துக் காசின் பழைய எழுத்து சாகவில்லை. நசுங்கி, ஆவி மாதிரி புது எழுத்துக்கு அடியில் தெரிந்தது. உண்மை லாக்கியில் அந்தப் பக்கத்தில் முன்னால் எதுவுமே இருந்திருக்காது, ஆகவே பேயும் இருக்காது. இரண்டாவது, பதிந்த பக்கத்துக்கு நேர் பின்னால் சிங்கத்தின் முகம் தட்டையாகிவிட்டது. பிடிச்சிராவியின் தாடை மொட்டையாகத்தானே இருக்கும். எந்திரத்தில் பின்னாலும் ஓர் அச்சு நிற்பதால் அந்தப் பக்கம் கூராக விழும். மூன்றாவது, ஓரம். காலர் இல்லாததால் காசு ஒரு பக்கமாகப் பிதுங்கி, கோணல் மாணலாக ஆகிவிட்டது.

அந்த ஒரு ராத்திரியில் கற்றது மிச்சப் பத்து வருடத்துக்கும் போதுமானதாக இருந்தது. பிறகு வந்த எந்த லாக்கியையும் நான் முதலில் பின்பக்கம்தான் திருப்பிப் பார்க்கிறேன்.

உலோகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடி வாங்கும் உலோகம் தண்ணீர் மாதிரி ஓடும். பள்ளம் இருக்கிற பக்கம் ஓடி நிரம்பும். கீறுபடும் உலோகம் மண் மாதிரி, மண்வெட்டி போகிற பக்கம் ஒதுங்கிக் கரையாக நிற்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகிவிட்டால் முக்கால்வாசிக் காசுகளை உடனே தள்ளிவிடலாம். காசின் முகத்தில் ஒரு கோடு ஓடுகிறதா? விரல் நகத்தால் தடவு. கோடு மேடாக இருந்தால் அச்சில் விரிசல். விரிசலுக்குள் உலோகம் ஏறி, நூல் ஒட்டியதுபோல நெளிந்து நெளிந்து வந்திருக்கும். பள்ளமாக இருந்து இரண்டு கரையிலும் பிசிர் நின்றால் அது கீறல், ஆணியோ சாவியோ. பள்ளமாக இருந்தும் பிசிரே இல்லாமல் வழவழவென்று இருந்தால் கொஞ்சம் நில். அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே நூலோ கம்பித் துணுக்கோ மாட்டி அடி வாங்கியிருக்கலாம். அது பிழைதான்.

எழுத்து காணாமல் போனாலும் இப்படித்தான். அச்சின் பள்ளத்தில் எண்ணெயும் தூசியும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து அரைகுறையாக விழும். ஆனால் அதைச் சுற்றியுள்ள தளம் புதுக் காசு மாதிரியே இருக்கும். சுரண்டி எடுத்திருந்தால் தளமும் சேர்ந்து பள்ளமாகியிருக்கும். புழங்கித் தேய்ந்திருந்தால் எது உயரமோ அது முதலில் போயிருக்கும், சிங்கத்தின் மூக்கு, எண்ணின் வயிறு. ஒரு எழுத்தை மட்டும் குறிவைத்துத் தேயாது.

வில்லையை வெட்டும்போது தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையில் மறுபடியும் கத்தி இறங்கினால் பிறை கடித்த மாதிரி ஒரு வில்லை வரும். இந்தக் கடி காசில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. கடியைப் பார்க்காதே, அதற்கு நேர் எதிர் ஓரத்தைப் பார். வரப்பு எழுப்பும் எந்திரம் இரண்டு பக்கமும் நெருக்கித்தான் வேலை செய்கிறது. ஒரு பக்கம் கடிபட்டு வெறுமையாக இருந்தால் எதிர்ப்பக்கத்துக்குப் பிடி கிடைக்காது. அங்கே வரப்பு மழுங்கலாக இருக்கும். அரத்தால் கடித்தவனுக்கு இது தெரியாது. அவனுடைய காசில் எதிர் ஓரம் கம்பீரமாக நிற்கும், கடித்த இடத்தில் அரத்தின் வரி தெரியும், எழுத்து கத்தரித்தாற்போல நிற்கும். பிறவிக் கடியில் எழுத்து கடியை நோக்கி இழுபட்டு, ஓரத்தில் மெலிந்து போகும்.

எழுத்து இரட்டையாகத் தெரிகிற காசைத்தான் அதிகமாகக் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் ஏமாற்றம்தான். அடித்த பிறகு அச்சு லேசாக அதிர்ந்தால் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி தட்டையாகச் சரிந்து நிற்கும். இது கோடிக்கணக்கில் இருக்கிறது, யாரும் காசு தர மாட்டார்கள். அச்சைத் தயாரிக்கும்போதே உருவம் இரண்டு முறை பதிந்திருந்தால் இரண்டு எழுத்தும் ஒரே உயரத்தில், உருண்டையாக, நுனி பிளந்து தெரியும். அது அபூர்வம். என் கைக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

பேரனுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. "வருஷத்துக்குக் கீழ புள்ளியோ நட்சத்திரமோ இல்லாத காசு எரர்தானே, அண்ணே?" புள்ளி நொய்டா, நட்சத்திரம் ஐதராபாத், வைரம் போன்ற கட்டம் மும்பை. ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. அவ்வளவுதான். கொல்கத்தாக்காரர்கள் குறி போடுவதில்லை.

தலைகீழ் காசு உண்மைப் பிழைதான். நம் காசைப் புத்தகத்தின் பக்கம் புரட்டுவதுபோலப் பக்கவாட்டில் திருப்பினால் இரண்டு பக்கமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். அச்சு கழன்று சுழன்றிருந்தால் சாய்ந்திருக்கும். கொஞ்சம் சாய்வு ரொம்ப சகஜம், முழுத் தலைகீழுக்குத்தான் மரியாதை. இதைக் கையால் போலியாகச் செய்வது கஷ்டம், இரண்டு காசைப் பாதியாக அறுத்து ஒட்டினால்தான் முடியும். ஓரத்தில் அந்த ஒட்டுக்கோட்டைத் தேட வேண்டும்.

சேதத்தில் எனக்கு நெருக்கமானது ஒன்று உண்டு. தேவகோட்டை ரஸ்தா தண்டவாளத்தில் சின்ன வயதில் நாங்கள் வைக்காத காசா! ரயில் ஏறினால் ஐந்து பைசா சூடாக, அகலமாக, வழுக்கையாக வரும். அதே மாதிரி ஒன்றைப் போன வருடம் ஒருவர் 'காலர் இல்லாமல் அடித்த காசு' என்று கொண்டுவந்தார். காலர் இல்லாமல் அடித்தால் காசு அகலமாகத்தான் வரும், ஆனால் எல்லாப் பக்கமும் விரியும், உருவம் நடுவில் கூராக நிற்கும். ரயில் ஒரு திசையில்தான் போகும். அவர் காசும் ஒரு திசையில்தான் நீண்டிருந்தது.

இனி ஆச்சியின் பாட்டில்.

தரையில் பழைய வேட்டியை விரித்துக் கொட்டினோம். ராஜா தலை வெள்ளி ரூபாய் ஒன்பது. ஒவ்வொன்றும் 11.66 கிராம் இருக்க வேண்டும், தேய்மானம் போகச் சரியாகவே இருந்தன. அதில் மூன்றில் ராஜாவின் தலைக்கு நேர் மேலே ஓரம் மழுங்கி, ஒரு சின்னக் கட்டி. ஒன்றில் ஓரத்தில் உளி வெட்டு. பேரன் ஆர்வமாக, "இது என்ன பிழை?" என்றான். உளி வெட்டு, உள்ளே வெள்ளிதானா என்று அந்தக் காலத்துச் சராப், அதாவது காசுக்கடைக்காரர், யாரோ சோதித்தது. கட்டி, பொடி வைத்து ஊதி வளையம் ஒட்டிய தழும்பு. காசுமாலையில் கோத்திருக்கிறார்கள், பிறகு வளையத்தை எடுத்திருக்கிறார்கள். அந்த வேலையை எங்கள் அப்பாவே நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறார். நாணயம் சேர்ப்பவர் கண்ணில் அவை அத்தனையும் சேதம். ஒருவேளை இந்த மூன்றுமே எங்கள் வீட்டுச் சேதமாக இருக்கலாம். அதைச் சொன்னதும் ஆச்சி சிரித்தார். "ஒங்க அப்பாதான் எங்க ஆத்தாவுக்குச் செஞ்சது. கோட்டையூருக்கே வந்து திண்ணையில உக்காந்து ஊதுவாரு."

ஒரு சதுரக் காசு. ஓரத்தை யாரோ வெட்டிவிட்டதாகப் பேரன் நினைத்தான். மலேயா ஒரு சென்ட், பிறக்கும்போதே சதுரம், மூலை மட்டும் வழித்திருக்கும். அப்புறம் புதுக்கோட்டை அம்மன் காசு நாலைந்து. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. சமஸ்தானத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுத்தது. பழைய கை அடிக் காசுகளில் அம்மன் பாதி வெளியே இருப்பாள். அதைப் பிழை என்று சொல்ல முடியாது. சுத்தியலால் அடித்த காலத்தில் நடுவில் விழுந்திருந்தால்தான் ஆச்சரியம். பின்னால் பர்மிங்காமில் எந்திரத்தில் அடித்து வந்த அம்மன் காசுகள் ஒழுங்கு மாறாமல் இருக்கும்.

ஜார்ஜ் மன்னர் ரூபாயில் 1911 ஒன்று இருந்தது. இதைப் பன்றி ரூபாய் என்பார்கள். மன்னர் அங்கியில் தொங்கும் யானையின் தும்பிக்கை குட்டையாக விழுந்து பன்றி மாதிரி தெரிந்ததில் கலவரமே வரும்போல இருந்ததாம். சுமார் ஏழு லட்சம் வெளியே போன பிறகு நிறுத்தி, 1912இல் தும்பிக்கையை நீட்டினார்கள். பேரன் குதித்தான். இதுவும் நாணயச்சாலைப் பிழை ஆகாது, தம்பி. அச்சு சரியாகத்தான் அடித்தது, வரைந்தவர் கைதான் குட்டையாக வரைந்துவிட்டது. விலை உண்டு, பிழைக்காக இல்லை, கதைக்காக.

கடைசியில், ஒரு கறுப்புக் கயிற்றுத் துண்டோடு ஓட்டைக் காலணா ஒன்று. யுத்தகாலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு 1943இலிருந்து 1947 வரை அடித்தது. வீட்டுக்கு வீடு கிடக்கும், ஒன்றுக்கும் பெறாதது என்பதற்கே நாம் அதைத்தான் சொல்வோம். நான் வெள்ளியை எடுத்துத் தனியாக வைப்பதில் இருந்ததால் அதை ஒதுக்கிவிட்டேன். பேரனும் கண்டுகொள்ளவில்லை. கயிற்றை அவிழ்க்கலாமே என்று எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. ஓட்டை நடுவில் இல்லை.

கண்ணாடியை எடுத்தேன். ஓட்டையின் உள்விளிம்பில் பிசிர் இல்லை, துளைத்த சுவடு இல்லை. வேறு ஓட்டையும் இல்லை, இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டிய ஓட்டைதான், நகர்ந்திருக்கிறது. வெளி வரப்பு சுற்றிலும் சீராக நிற்கிறது. ஓட்டையைச் சுற்றி ஓட வேண்டிய இலைக்கொடியை ஒரு பக்கம் ஓட்டை விழுங்கியிருக்கிறது, மறுபக்கம் கொடிக்கும் ஓட்டைக்கும் நடுவே வெற்றிடம். விழுங்கிய பக்கத்தில் இலைகள் ஓட்டையை நோக்கிக் கொஞ்சம் வழிந்திருக்கின்றன. அடி விழும்போதே ஓட்டை அங்கே இருந்தது என்பதற்கு அந்த வழிசல் போதும். எந்த நேரத்தில் நடந்திருக்கும் என்று கேட்டால் இந்தக் காசு பதில் சொல்கிறது: வில்லையில் ஓட்டை போட்ட நேரத்தில்.

பாட்டில் முழுக்கத் தேடி, 3,500 ரூபாய்க்கு வேறு வாங்கி, கடைசியில் உண்மைப் பிழை கயிற்றில் கட்டிக் கிடந்தது. லட்சம் எல்லாம் இல்லை. இந்த வகையில் நகர்ந்த ஓட்டை அப்படியொன்றும் அபூர்வம் இல்லை, சேர்ப்பவர்கள் சில நூறு ரூபாய் தருவார்கள். அதை அப்படியே ஆச்சியிடம் சொன்னேன்.

"அது எங்க தம்பி அரைஞாண் கயித்துல கெடந்தது" என்றார். "ரங்கூன்லேர்ந்து எல்லாரும் நடந்து வந்துட்ட அப்புறம், இங்கன வந்துதான் அவன் பொறந்தான். கண்ணு படாம இருக்க எங்க ஆயா கட்டிவிட்டாக. ஓட்டை கோணலா இருந்தா நல்லதுன்னு தேடி எடுத்தாகளாம்."

அப்போதே யாரோ பார்த்திருக்கிறார்கள். கண்ணாடியும் தராசும் இல்லாமல்.

வெள்ளியில் வளையத் தழும்புள்ள மூன்றை மட்டும் கொடுத்துவிட்டு, மற்றதைப் பாட்டிலுக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டார். காலணாவைக் கயிற்றோடு முந்தானையில் முடிந்துகொண்டார். பேரன் பத்து ரூபாயை என் பலகைமேலேயே விட்டுவிட்டான்.

"எடுத்துட்டுப் போ, தம்பி. விக்கிறவனுக்குத் திருப்பி அனுப்பு."

"அவன் நம்பர் இப்ப போகலை, அண்ணே. நீங்க டீ குடிச்சுக்கங்க."

எங்கள் தெரு முனை டீக்கடையில் நல்ல பத்து ரூபாய்க் காசையே வாங்க மாட்டார்கள், செல்லாது என்று யாரோ சொன்னார்களாம். சிங்கம் புரண்ட காசை நீட்டினால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டே, குன்றிமணி டப்பாவில் என் இரண்டு ரூபாய்க்குப் பக்கத்தில் போட்டு வைத்தேன்.